உரிமை இல்லாத கண்ணீர்

கணவர் இறந்தால் மனைவியோடு ஊரே சேர்ந்து அழும். முன்பு நேசித்தவர் இறந்தால்? துக்கம் விசாரிக்க யார் வருவார்?

இந்தக் கேள்வியைச் சிறுகதையாக்கியவர் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1907-இல் அவர் எழுதிய 'இறந்தவர்கள்', 1914-இல் வெளிவந்த 'டப்ளினர்கள்' தொகுப்பின் கடைசிக் கதை. விருந்தில் கேட்ட பழைய பாட்டு ஒன்று கிரெட்டாவைக் கலங்க வைக்கிறது. விடுதி அறையில் கணவர் கேப்ரியல் காரணம் கேட்கிறார். இளமையில் அந்தப் பாட்டைப் பாடியவன் மைக்கேல் ஃபியூரி. அவள் ஊரைவிட்டுப் போகும் முன்னிரவில், நோயுடம்போடு மழையில் வந்து நின்றான். பதினேழு வயதில் இறந்தான். தன்னால்தான் இறந்தான் என்ற எண்ணம் அவளை விடவில்லை.

இதன் வேர் ஜாய்ஸின் வீட்டிலேயே இருந்தது. அவருடைய துணைவி நோராவைக் கால்வே நகரில் நேசித்த மைக்கேல் பாட்கின் என்ற இளைஞர் 1900-இல் காசநோயால் இறந்தார். 1912-இல் கால்வே சென்ற ஜாய்ஸ், அவர் அடக்கமான ரஹூன் இடுகாட்டிற்கும் போய்வந்தார்.

ஜாய்ஸ் கிரெட்டாவைக் குற்றவாளியாக்கவில்லை, தியாகியாக்கவும் இல்லை. அவள் அழுது, அப்படியே தூங்கிவிடுகிறாள். விழித்திருப்பவர் கணவர். முதலில் பொறாமை, பிறகு தன்மேலேயே வெட்கம், முடிவில் இரக்கம்.

கதை எழுத விரும்பும் அன்பர்களே, இப்படிப்பட்ட துயரத்திற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் மனம் எப்படி மாறுகிறது என்று எழுதுங்கள். அப்படி ஒரு கண்ணீர் நம் வீட்டிலும் இருக்கலாம். கோபப்படும் முன் கொஞ்சம் கேட்போமே!