அச்சைத் தவிர்த்தவரின் ஆறு சொனாட்டாக்கள்

வெனிஸ் நகரத்து இசைமேதை அன்ரோனியோ விவால்டி, 1733ஆம் ஆண்டில் எட்வேர்ட் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயரிடம் ஒரு தொழில் இரகசியத்தைச் சொன்னார். இனித் தமது கொன்செர்ட்டோக்களை அச்சிடுவதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். கையெழுத்துப் பிரதிகளாக விற்பதே அதிக இலாபம் என்பது அவரது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் எதிர்பார்த்த விலை ஒரு கினி. ஹோல்ட்ஸ்வேர்த் தமது நண்பர் சாள்ஸ் ஜென்னென்ஸுக்கு எழுதிய கடிதத்தால் இது நமக்குத் தெரியவந்தது. பின்னாளில் ஹென்டலின் 'மெசையா'வுக்கு வேதாகம வாசகங்களைத் தொகுத்துக் கொடுத்தவர் இந்த ஜென்னென்ஸ்தான்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் உழன்ற எனக்கு விவால்டியின் கணக்கு நன்றாகவே விளங்குகிறது. அச்சேறிய பின் எழுத்து ஊருக்குச் சொந்தம். வருமானம் பதிப்பாளருக்குச் சொந்தம்.

ஆயினும் ஏறத்தாழ 1740இல் பாரிஸில் அவரது ஆறு சொனாட்டாக்கள் அச்சில் வெளிவந்தன. செலோவுக்கும் பாஸோ கொன்டினுவோவுக்குமாக எழுதப்பட்டவை அவை. அந்தப் பதிப்பில் விவால்டிக்குப் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கொன்டினுவோ என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். இத்தகைய சொனாட்டாவின் தாளில் இரண்டு வரிகளே இருக்கும். மேல்வரி தனிச் செலோவுக்குரியது. கீழ்வரி பாஸ் எனப்படும் ஆதார வரி. அதன் சுரங்களோடு சில எண்களைக் குறிப்பது வழமை. ஹார்ப்சிகோர்ட் வாசிப்பவர் அந்த எண்களைப் பார்த்து, எந்தச் சுரக்கூட்டை எவ்வாறு நிரப்புவது என்பதைத் தாமே அந்தக் கணத்தில் முடிவு செய்வார். பெரும்பாலும் இன்னொரு செலோ கீழ்வரியைத் தாங்கி நிற்கும். முன்னர் இந்தத் தாங்கும் வேலையே செலோவின் பிரதான ஊழியமாக இருந்தது. விவால்டியோ வயலின் கலைஞர். ஆனாலும் சுமை தூக்கிய வாத்தியத்தை முன்னே அழைத்துப் பாட வைத்தார்.

ஆறும் மெது, விரைவு, மெது, விரைவு என நான்கு பகுதிகளாக அமைந்தவை. ஈ மைனரில் அமைந்த ஐந்தாவதே மிகவும் புகழ் பெற்றது. அதன் மூன்றாம் பகுதி, சிசிலியானோ எனப்படும் ஊஞ்சலாடும் தாளத்தில் மெல்ல அசைகிறது. துயரத்தை இவ்வளவு அடக்கமாகச் சொல்லும் இசை அபூர்வம்.

1740இல் விவால்டி வெனிஸை விட்டு வியன்னாவுக்குச் சென்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் பேரரசர் ஆறாம் சாள்ஸ் இறந்தார்; ஆதரவு கிடைக்கக்கூடிய பெரிய வாசல் அடைபட்டது. 1741 ஜூலை 28 அன்று, 63ஆவது வயதில், விவால்டி வறுமையில் மறைந்தார். மருத்துவமனை ஒன்றுக்குரிய இடுகாட்டில் புதைக்கப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளின் பெருந்தொகுதி 1926இலேயே இத்தாலியில் வெளிச்சத்துக்கு வந்து, தூரின் நூலகத்தைச் சேர்ந்தது. அதனை மீட்பதில் முன்னின்ற பேராசிரியர் அல்பேர்டோ ஜென்டிலி, யூதர் என்பதால் 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்களால் பதவி இழந்தார். அது தனியே எழுதப்பட வேண்டிய கதை. ஆனால், அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பே ஐந்தாம் சொனாட்டா செலோ கலைஞர்களின் கையில் இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் வின்சென்ட் தாந்தி 1920களின் தொடக்கத்தில் அதைத் தந்தி வாத்தியக் குழுவோடு வாசிக்கும் கொன்செர்ட்டோவாக மாற்றினார். விவால்டி வெறுமையாக விட்ட இடங்கள் அதில் எழுதி நிரப்பப்பட்டுவிட்டன. அழகுதான், என் செவிக்கு, இரண்டு செலோக்களும் ஒரு ஹார்ப்சிகோர்ட்டும் போதும்.