446 பைட்டுக்குள் லைலோ

லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதை ஓட்டிப் பார்க்க விரும்பியவர்கள் பெரும்பாலும் பிளாப்பியைச் செருகித்தான் கணினியைத் தொடங்கினார்கள். வன்வட்டில் ஏற்கெனவே டாஸ் இருக்கும். அதைக் கெடுக்காமல், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிவைக்க ஒரு நிரல் தேவைப்பட்டது. சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992-இல் அதை எழுதினார். லைலோ என்று பெயர். டாஸ் கோப்புகளை லினக்ஸில் திறக்கும் பகுதியை எழுதியவரும் அவர்தான்.

சிக்கல் இடத்தில் இருந்தது. கணினியைப் போட்டதும் பயாஸ் வட்டின் முதல் செக்டாரை மட்டுமே ஏற்றும். மொத்தம் 512 பைட். பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி முத்திரைக்கு 2 போனால் நிரலுக்கு மிஞ்சுவது 446. கோப்பு முறைமையைப் படித்துக் கெர்னலைத் தேடிப்பிடிக்கும் அறிவெல்லாம் இதற்குள் அடங்காது. அல்மெஸ்பெர்கர் தேடுகிற வேலையை முன்கூட்டியே முடித்துவைத்தார். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைலோ கட்டளையைக் கொடுத்தால், கெர்னல் எந்தெந்தச் செக்டாரில் கிடக்கிறது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். மறுமுறை தொடங்கும்போது அந்த முகவரிகளைப் படித்தாலே போதும். அது எந்தக் கோப்பு முறைமை என்று தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு தெளிவான யோசனை!

கெர்னலை மாற்றினால் கட்டளையை மறுபடி கொடுத்தே ஆக வேண்டும். மறந்தால் முகவரி பொய்த்துவிடும். தொடங்கும்போது லைலோ என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் திரையில் ஒவ்வொன்றாக விழும். எந்த எழுத்தோடு நின்றது என்பதே கோளாறைச் சொல்லிவிடும். இரண்டோடு நின்றால், முதல் செக்டாரில் உள்ள நிரல் அடுத்து ஏற்றும் இரண்டாம் கட்ட நிரல் ஏறியும் ஓடவில்லை என்று பொருள்.

விண்டோஸ் 95-ஐ மறுபடி நிறுவினால் முதல் செக்டாரில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் பத்திரமாக இருக்கும், நுழையத்தான் வழியிருக்காது. மீட்புப் பிளாப்பியில் தொடங்கி லைலோவை ஒருமுறை இயக்கினால் சரியாகிவிடும். லைலோவோ முதல் செக்டாரில் இருந்ததை விண்டோஸைப் போல அழித்துவிடவில்லை. தன்னை எழுதுமுன் பழைய செக்டாரை நகலெடுத்து வைக்கும், முதல் ஐ.டி.இ. வட்டுக்கு அந்தக் கோப்பு பூட்.0300. வேண்டாதவர் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். லைலோவிடம் நான் மிகவும் மதிப்பது இந்த நாகரிகத்தைத்தான்.

அல்மெஸ்பெர்கர் பிறகு லோசான் இ.பி.எஃப்.எல்.லுக்குப் போனார், 1999 முதல் ஜான் காஃப்மன் லைலோவைப் பார்த்துக்கொண்டார். கோப்பு முறைமையைத் தானே படிக்கத் தெரிந்த கிரப் என்ற தொடக்க நிரல் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. 2015 டிசம்பரோடு லைலோவின் வளர்ச்சிப் பணி நின்றது.