ரிப் மலையில் தோற்ற பெரிய இராணுவம்

பீரங்கியும் விமானமும் வைத்திருக்கும் இராணுவம் மலைவாசிகளிடம் எப்படித் தோற்கிறது? மொரோக்கோவின் ரிப் மலைப்பகுதியைக் கொஞ்சம் பாருங்கள்.

1921இல் ஸ்பெயினின் ஜெனரல் சில்வெஸ்ட்ரே அங்கே வேகமாக முன்னேறினார். பிடித்த இடமெல்லாம் மலை உச்சிகளில் சிறு காவலரண்கள். வரைபடத்தில் அது வெற்றி. ஆனால் பல காவலரண்களில் தண்ணீர் இல்லை. கோவேறு கழுதைகளில்தான் கொண்டுவர வேண்டும்.

எதிரே இருந்தவர் அப்துல் கரீம் அல்-கத்தாபி. மெலில்லாவில் ஆசிரியராகவும் காழியாகவும் பணியாற்றி, ஸ்பானியரை நன்கு அறிந்தவர். அவருடைய ஆட்கள் தண்ணீர் வரும் பாதையை மறித்தார்கள். தாகத்தில் தவித்த இகெரிபென் காவலரண் ஜூலை 21இல் வீழ்ந்தது. மறுநாள் அன்வால் முகாமிலிருந்து பின்வாங்கிய படை சிதறியது, சில்வெஸ்ட்ரேயும் மாண்டார். சில வாரங்களுக்குள் ஸ்பானியத் தரப்பில் 8,000க்கும் அதிகமானோர் பலி.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். மலையில் மறைந்திருந்த போராளியைக் காண முடியாத இராணுவம், கண்ணுக்குத் தெரிந்தவர்களை அடித்தது. கிராமங்கள் மீதும் சந்தைகள் மீதும் ஸ்பானிய விமானங்கள் கடுகு வாயுக் குண்டுகளைப் போட்டன. 1925இல் பிரான்ஸும் முழுமையாகப் போரில் இறங்கியது. 1926 மே மாதம் அப்துல் கரீம் சரணடைந்தார்.

கெரில்லாப் போர் பெரிய படையை நிலைகுலைய வைக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் படையின் ஆத்திரம் போய் விழுவது சந்தைக்கு வந்த சனங்கள் மீது. பிள்ளைகளுக்கு அன்வாலின் வீரத்தைச் சொல்லும்போது அந்தச் சந்தைகளையும் சேர்த்தே சொல்வோம்.