எல்லை மாறியது, பல்கலைக்கழகமும் மாறியது

1958-இல் பி.ஏ. படிக்க ஆசைப்பட்ட பொதட்டூர்பேட்டை நெசவாளர் மகனுக்குப் பல்கலைக்கழகம் என்றால் திருப்பதிதான். அன்று நம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துக்கு உரியது 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம். எல்லைத் தகராற்றில் படாஸ்கர் தந்த பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று நம் ஊர் அடங்கிய திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவனுடைய தம்பி படிக்கும் வயதுக்கு வந்தபோது பல்கலைக்கழகம் மெரினாக் கரைக்குப் போயிருந்தது.

அந்தக் கடற்கரைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்க்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடமே நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, அது தேர்வு வைத்துப் பட்டம் தந்தது. ஏறத்தாழத் தென்னகம் முழுதும் அதன் ஆளுகையில் இருந்தது. பின்னர் மைசூர் (1916), ஆந்திரா (1926), அண்ணாமலை (1929), திருவிதாங்கூர் (1937) என்று பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே லண்டன் அச்சுதான். 1922-இல் தொழிற்பள்ளியாகப் பிறந்த உகாண்டாவின் மக்கரேரே, 1949 முதல் லண்டன் பட்டத்துக்கு மாணவரைத் தயாரித்தது. 1963-இல் அங்குள்ள மூன்று நாடுகளுக்குப் பொதுவாக எழுந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1970-இல் மக்கரேரே, நைரோபி, தாருஸ்ஸலாம் எனப் பிரிந்தது. ஏழே ஆண்டுகள்! நம்மவர்கள் பாகம் பிரிக்க இன்னும் நிதானம் காட்டினார்கள்.

தமிழ்நாட்டுக்குள் மதுரை (1966), பாரதியார், பாரதிதாசன் (1982), மனோன்மணீயம் சுந்தரனார் (1990), பெரியார் (1997) என வரிசை நீண்டது. 2002-இல் வேலூரை மையமாக வைத்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோதும் நம் திருத்தணிப் பகுதி சென்னையோடேயே நின்றது. திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் படிப்பவருக்கு இன்றும் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமே. பழைய பெயருக்குப் பெண் பார்க்கும் இடத்திலும் மதிப்பு உண்டு என்பார்கள், இருக்கலாம்.

ஆனால் இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி வரைபடத்தைக் கூறுபோட்டதுதான் என்பது என் எண்ணம். சான்றிதழின் தலைப்பு மாறுவதைவிட, காலைப் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி இருப்பதே நெசவாளர் வீட்டுப் பெண்ணைப் பட்டதாரி ஆக்குகிறது. அந்தக் கல்லூரியில் என்ன பாடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஜவுளித் தொழில்நுட்பத்துக்குப் பேர்பெற்ற கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் தொடங்கியது; 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளை, ஜவுளியைப் பட்டப்படிப்பாகப் படிக்க அங்கேதான் ரயிலேறிப் போகிறது.