அண்ணா பல்கலைக்கழகம்

அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது 1978 செப்டம்பர் 4 அன்று. அதன் வேரோ 1794-க்குப் போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சேர்த்துக்கொண்டே போன நிலங்களை அளக்க ஆள் போதவில்லை. கம்பெனியின் சர்வேயர் மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி, சென்னையில் எட்டே மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. 1859-ல் பொறியியல் கல்லூரியாக உயர்ந்து, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எழுந்த செங்கல் கட்டடத்தை மாணவர்கள் இன்றும் 'ரெட் பில்டிங்' என்றே சொல்கிறார்கள்.

அந்தக் கல்லூரியின் பெருமைகளில் முதலில் சொல்லவேண்டியது அ. லலிதாவைப் பற்றித்தான். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர்; கையில் பெண் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா மகளுக்கு இடம் கேட்டு வாங்கினார். 1943-ல் லலிதா மின் பொறியாளராக வெளியே வந்தார். சான்றிதழிலோ ஆண்பாலில்தான் அச்சடித்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கிண்டியிலேயே 1944-ல், அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (ஏ.சி.டெக்) வந்தது. 1949-ல் சி. ராஜம் தன் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை (எம்.ஐ.டி.) தொடங்கினார். விமானப் பொறியியல், மின்னணுவியல் என அன்று நாட்டுக்கே புதிதான படிப்புகளைத் துணிந்து வைத்தார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். இந்த மூன்றோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் (எஸ்.ஏ.பி.) சேர்ந்ததுதான் 1978 இணைப்பு. முதலில் வைத்த பெயர் 'பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்'. 1982-ல் அது இன்றைய பெயராகச் சுருங்கியது.

பல்கலைக்கழகத்தின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, பொறியியல் சேர்க்கைக்காக 1997-ல் வந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில். இரவு பஸ் பிடித்து வந்த குடும்பங்கள் கிண்டி வளாகத்து மரத்தடியில் காத்திருந்தன. உள்ளே போனால் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடியது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளையும் தன் ரேங்க் வந்ததும் எழுந்து போய்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்குச் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான்.

2001 சட்டம் மாநிலமெங்கும் இருந்த பொறியியல் கல்லூரிகளை இதன்கீழ் கொண்டுவந்தது. பாரம் கூடியது. 2007 முதல் கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை எனப் பிரித்தார்கள். 2012-ல் மறுபடி ஒன்றாக்கினார்கள்.

ஆனாலும் 1978-ல் இணைந்த நான்கின் தனிப்பெயர்களும் மறையவில்லை. எங்கே படித்தாய் என்றால் இன்றும் கிண்டி, ஏ.சி.டெக், எம்.ஐ.டி., எஸ்.ஏ.பி. என்றுதான் பதில் வரும். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பிய, இந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ செயற்கைக்கோளுக்கு மட்டும் பொதுப் பெயர்: அனுசாட்.