ராமென் கடை

ராமென் கடை என்பது கோதுமை நூடுல்ஸைச் சூடான சூப்பில் இட்டுப் பெரிய கிண்ணத்தில் தரும் ஜப்பானியச் சிற்றுணவகம். பல கடைகளில் அடுப்பை ஒட்டி ஒரு நீண்ட மேடையும் அதன் முன்னே சில ஸ்டூல்களும் மட்டுமே இருக்கும். வந்தவர் சாப்பிட்டு எழுந்து போக அரை மணி நேரம்கூட ஆவதில்லை. சூப்பில் விழுந்த நூடுல்ஸ் சில நிமிடங்களில் ஊறிக் குழைந்துவிடும்; கடையின் அமைப்பும் வாடிக்கையாளரின் பழக்கங்களும் பெரும்பாலும் இதைச் சுற்றி உருவானவையே.

ராமெனின் மூலம் சீன நூடுல்ஸ். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் 1910இல் ஒசாகி கன்இச்சி தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்து இதைச் சாமானியரின் உணவாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடும் அமெரிக்கக் கோதுமை வரவும் சேர்ந்து, தள்ளுவண்டி ராமெனை ஊரெங்கும் பரப்பின. மொமொஃபுகு ஆண்டோ 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ்தான் உலகுக்கு ராமெனை அறிமுகம் செய்தது என்றாலும், கடையில் கிடைப்பதை அதை வைத்து எடைபோட முடியாது.

பல கடைகளில் வாசலருகே டோக்கன் இயந்திரம் நிற்கும். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதை மேடையில் வைத்தால் போதும், பேச்சே தேவையில்லை. எதை அழுத்துவது என்று தெரியாதவர் மேல்வரிசையின் இடது மூலையை அழுத்தலாம். அங்கே பெரும்பாலும் கடையின் தனிச்சிறப்பு இருக்கும். பழைய இயந்திரங்கள் சில 1,000 யென் தாளுக்கு மேல் ஏற்பதில்லை.

அதன்பின் நடப்பது பார்க்கத் தகுந்தது. சமையல்காரர் கிண்ணத்தின் அடியில் முதலில் 'தாரே' என்ற உப்புச்சுவைக் கலவையை ஊற்றுகிறார். சோயா, உப்பு, மிசோ (புளித்த சோயா விழுது) என்று ராமென் வகைகள் பெயர் பெறுவது பெரும்பாலும் இதனால்தான். அதன்மேல் பல மணி நேரம் கொதித்த எலும்பு சூப். ஆளுக்கொன்றாக ஆழமான கம்பி வடிகூடையில் வேகும் நூடுல்ஸை எடுத்து, ஓங்கி உதறி நீரை வடிக்கிறார். ஒட்டியிருக்கும் நீர் சூப்பின் சுவையை நீர்க்கச் செய்துவிடும். மேலே பன்றி இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள், சோயா சாற்றில் ஊறிய அரைவேக்காட்டு முட்டை. நம் அப்பளத்தில் போலவே நூடுல்ஸ் மாவிலும் காரம் சேர்கிறது: சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் கலந்த 'கன்சுய்' நீரே மஞ்சள் நிறத்தையும் மீள்தன்மையையும் தருகிறது.

கிண்ணம் வந்ததும் உடனே தொடங்க வேண்டும். குச்சிகளால் சிறிதளவு எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சுவதே வழக்கம். காற்றும் உள்ளே போவதால் சூடு குறைகிறது, மணம் மூக்கில் ஏறுகிறது. இங்கே சத்தம் மரியாதைக் குறைவல்ல. பூண்டு, மிளகு போன்றவற்றைச் சூப்பை ஒரு வாய் சுவைத்த பிறகு சேர்ப்பது நல்லது. சூப் முழுவதையும் குடிக்க வேண்டிய கட்டாயமில்லை. அதில் உப்பு அதிகம்.

ஊருக்கு ஊர் முறை மாறும். சப்போரோ மிசோவுக்குப் பேர்போனது. ஃபுகுவோகாவின் ஹகாதா பாணியில் பன்றி எலும்பை வெண்மையாகக் கலங்கும்வரை கொதிக்கவிடுகிறார்கள். நூடுல்ஸ் மெல்லியது, சீக்கிரம் குழையும். ஆகவே முதலில் குறைவாகக் கொடுத்து, தீர்ந்ததும் 'காஎதாமா' என்று கேட்டால் மறுபடி நூடுல்ஸ் மட்டும் தருகிறார்கள். இதற்கென்று சூப்பை மிச்சம் வைத்திருக்க வேண்டும். வேகும் பதத்தையும் சொல்லலாம்: 'காதா' கெட்டி, 'பாரிகாதா' அதைவிடக் கெட்டி. டோக்கியோவின் ராமென் ஜிரோ கடைகளில் பரிமாறும் முன், பூண்டு வேண்டுமா என்று கேட்பார்கள். காய்கறி, கொழுப்பு ஆகியவற்றின் அளவையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மலைபோல் குவிந்து வரும் அந்தக் கிண்ணத்தைப் புதியவர் சிறிய அளவில் கேட்பதே புத்திசாலித்தனம்.

சாப்பிட்டபின் உட்கார்ந்து அரட்டை அடிப்பது, வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்யும் தொல்லை. கிண்ணத்தை மேடையின் மேல்தட்டில் வைத்து, உணவுக்கு நன்றி என்ற பொருளில் 'கொச்சிசோசமா' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை.

சைவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. காய்கறி ராமென் என்று எழுதியிருந்தாலும் சூப் பெரும்பாலும் பன்றி, கோழி எலும்பிலோ உலர்மீனிலோ செய்தது. விலங்குப் பொருளே சேராத ராமெனுக்கு டோக்கியோ ரயில் நிலையத்தினுள் இருக்கும் டீஸ் தந்தான் போன்ற தனிக்கடைகளைத்தான் நாட வேண்டும்.