லினக்ஸ் யந்திரத்தில் தமிழ்: குறைகளின் சரித்திரமும் பரிகாரமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, 1922-ஆம் ஆண்டு ரமண மகரிஷியின் அன்னை அழகம்மையின் சமாதியைச் சூழ்ந்து வளரத் தொடங்கிய ஸ்ரீ ரமணாசிரமம், மலையையும் மௌனத்தையும் நாடி வருவோருக்கு மட்டுமன்றி, நூற்பாடத்தைப் பிழையறக் காப்பதில் சிரத்தை கொண்டோருக்கும் முன்மாதிரியான ஸ்தலமாகும். தமிழிலும் சம்ஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் எழுதவல்ல ரமண மகரிஷி அச்சுப்படிகளைத் தம் கையாலேயே திருத்தியும், நூல்களுக்குத் தாமே கட்டடம் செய்தும் வந்தார் என்பது அவர் சரித்திரம் அறிந்தோர்க்குத் தெரிந்த செய்தி. அந்தச் சிரத்தை இன்று கணினித் திரைக்கும் உரியதாகிவிட்டது. இப்பிரதேசத்தில் அமர்ந்து லினக்ஸ் யந்திரத்தில் தமிழ் நூல்களைக் கையாள முற்படும் ஒருவருக்கு எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களும், கோப்பின் பெயருக்குப் பதிலாக எண்களும், கண்ணெதிரே உள்ள சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்னும் விடையும் எதிர்ப்படுவதுண்டு. இவை யந்திரக் கோளாறுகளாகத் தோன்றினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்ட நிர்ணயங்களின் விளைவுகளே என்பதும், அவற்றின் காரணகாரியத்தை அறிந்தோரே அவற்றை நிரந்தரமாக நீக்க வல்லவர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஏழு பிட்டுகளின் மரபு

1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறை, ஏழு பிட்டுகளால் அமைந்ததாகையால், 128 இடங்களை மட்டுமே கொண்டது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸும், அதன் சம்பிரதாயத்தைத் தழுவி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும், ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் அனுமானத்தின்மேல் எழுந்த கருவிகளையே சுவீகரித்துக்கொண்டன. அதே 1991-இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பு, இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி முறையை ஆதாரமாகக் கொண்டு தமிழுக்குத் தனியிடம் வகுத்தது. மறு ஆண்டே கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறை, பழைய ஆங்கிலக் கோப்புகளுக்கு யாதொரு பங்கமுமின்றி உலக மொழிகள் அனைத்தையும் எழுத வழிசெய்தது; இதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பெறும்.

எனினும் பழைய அனுமானம் முற்றும் அழிந்துவிடவில்லை. மொழியையும் குறியேற்றத்தையும் நிர்ணயிக்கும் லொகேல் அமைப்பு ‘சி’ என்றிருக்கும் யந்திரத்தில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகவோ கேள்விக்குறிகளாகவோ சிதைவது இதனாலேயே. டெபியன், உபுண்டு முதலியவற்றில் ‘லொகேல்-ஜென்’ கட்டளையால் யூ.டி.எஃப்-8 லொகேல் ஒன்றை உண்டாக்கி, ‘லாங்’ என்னும் மாறியில் அதைப் பதிவதே பரிகாரம். மொழி ஆங்கிலமாக இருந்தாலும் பாதகமில்லை, குறியேற்றம் யூ.டி.எஃப்-8 ஆனால் போதும். லொகேல் சரியாக இருந்தும், 2005-இல் தோன்றிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி, கோப்புப் பெயரிலுள்ள ‘க’ என்னும் எழுத்தை 340, 256, 225 என்று மூன்று எண்ம எண்களாகக் காட்டும், அதன் ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

தமிழ்க் குறியேற்றங்களின் காலம்

யூனிகோடு வெளிவந்தும் அதைச் சரிவரக் காட்டும் கருவிகள் அமையாத இடைக்காலத்தில், தமிழர் வாளாவிருக்கவில்லை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகளை ஒட்டிய ஆண்டுகளில், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே விவாதித்து அமைத்த திஸ்கியும், தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்னும் குறியேற்றங்களும், தமிழ்-99 விசைப்பலகையும் வழக்கிற்கு வந்தன. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முன்னும் மெய்யைப் பின்னுமாகச் சேமிக்க, யூனிகோடு உச்சரிப்பு வரிசையில் மெய்யை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வரிசையையும் மாற்றியமைக்க வேண்டும். லினக்ஸின் ‘ஐகான்வ்’ கருவிக்குத் திஸ்கி தெரியும் என்பது, அக்காலத்துக் கோப்புகளை இன்னும் வைத்திருப்போர் அறிய வேண்டிய உபகாரமான செய்தி.

2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டதும், 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் நியமங்களாக ஏற்றதும், 2012-இல் ‘கணியம்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதழ் தமிழில் தொடங்கியதும் இவ்வளர்ச்சியின் பிற்கட்டங்கள். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால்தான், கூலி கருதாத தொண்டர்கள் பணிமேடைகளைத் தமிழாக்கவும், தமிழ்-99 விசைப்பலகையை ஐபஸ், எம்17என் உள்ளீட்டுக் கருவிகளில் இடம்பெறச் செய்யவும் முடிந்தது.

கட்டங்களும் சிதறல்களும்

கட்டங்கள் தோன்றினால் தமிழ் எழுத்துரு இல்லையென்று பொருள். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையால் சோதித்து, லோஹித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீரும். டெர்மினலில் எழுத்துகள் பிரிந்து நிற்பதோ வேறு காரணத்தால் ஆவது: டெர்மினல், குறிக்கு ஒரு சமக்கட்டம் என்னும் தட்டச்சு யந்திர மரபைப் பின்பற்றுவதால், மெய்யின் இருபுறமும் அமரும் ‘கொ’ போன்ற வடிவம் அதற்கு அந்நியம். எழுத்து வடிவங்களைப் பொருத்தி அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையுடன் இயங்கும் எடிட்டரில் அதே கோப்பு செவ்வனே தோன்றும்; ஆதலின் டெர்மினல் தோற்றத்தைக் கண்டு கோப்பைத் திருத்தப் புகுவது விபரீதமாக முடியும்.

ஒரே தோற்றம், வேறு உள்ளீடு

இவை அனைத்தினும் நுட்பமான குறை, கண்ணுக்குத் தெரியாதது. ‘கோயில்’ என்னும் சொல்லின் உயிர்க்குறியை ஒரே குறியாக எழுதினால் 18 பைட்டுகள். கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினால் 21 பைட்டுகள். திரையிலோ இரண்டும் ஒன்றே. லினக்ஸின் எக்ஸ்ட்-4 கோப்பு முறை பெயர்களை வெறும் பைட்டுகளாகவே கொள்வதால், ஒரே கோப்புறையில் ‘கோயில்’ என்ற பெயரில் இரு கோப்புகள் இருக்கக் கூடும். கிரெப் தேடலும் ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தவறவிடும். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும்.

ஆனால் ‘ஸ்ரீ’ அவ்வாறு அடங்குவதன்று. தொடக்கத்தில் ஸகரத்தை முதலாகக் கொண்டு எழுதப்பட்ட இவ்வெழுத்து, 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்க்கப்பட்டபின் அதனை முதலாகக் கொண்டு எழுதப்பட வேண்டியதாயிற்று, பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன, இரண்டும் 12 பைட்டுகளே, என்.எஃப்.சி. மாற்றமும் இவற்றை ஒன்றாக்காது. ஆகவே ‘ஸ்ரீ ரமணாசிரமம்’ என்று ஒருவர் எழுதியது, அதே பெயரைத் தட்டச்சிட்டுத் தேடும் மற்றொருவருக்கு அகப்படாமற் போகலாம். ‘செட்’ கருவியால் ஏதேனும் ஒரு வடிவுக்கு அனைத்தையும் மாற்றி, அதையே தொடர்ந்து ஆள்வதொன்றே வழி.

முடிவுரை

கருவிகளைச் சீரமைப்பது ஒரு மணி நேர வேலை. பாடத்தைச் சீரமைக்காது விட்டாலோ பிழை தலைமுறைக்கும் தொடரும். ஆதலின், தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் ஸ்தாபனங்கள் முதலில் ஒரே எழுத்து வடிவ நியமத்தை எழுதி வைத்து, ஒவ்வொரு கோப்பையும் அதன்படி சோதித்த பின்னரே சேமிப்பில் சேர்க்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்க்கு, நிரலெழுதும் பயிற்சியோடு தமிழ்க் குறியேற்றத்தின் சரித்திரமும் கற்பிக்கப்பட வேண்டும்.